கத்தாத குட்டி

திருகோணமலை லிங்கநகரில் யாராவது நாய்க்குட்டி எடுக்கப் போகிறார்கள் என்றால், குட்டி இருக்கிற இடத்துக்குப் போவதற்கு முன் அருளம்பலத்தின் கேற்றைத் தட்டுவார்கள். கலியாணத்துக்கு நாள் வைக்க ஐயரிடம் போகிற மாதிரித்தான். ஐயராவது தட்சிணை எதிர்பார்ப்பார். அருளம்பலம் ஒரு பிளேன்ரீகூட எதிர்பார்க்கமாட்டார். கூப்பிட்டால் போதும், சேர்ட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். கூப்பிடாமல் யாராவது தங்கள் பாட்டில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து கட்டிவிட்டால்தான் மனிதருக்குப் பொறுக்காது. அந்த வீட்டைத் தாண்டும்போது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அந்த வீட்டுக்காரருக்கு அன்றிரவு நித்திரை வராது.

துறைமுகத்தில் இழுவைப் படகில் கயிறு வீசுகிற வேலையில் சேர்ந்தவர், கயிறு வீசுகிறவராகவே ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் மேற்பார்வையாளர் ஆனார்கள். சிலருக்குக் கரையிலே மேசையும் கதிரையும் கிடைத்தன. இவருக்குக் கிடைத்தது உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு. இன்றைக்குத் துறைமுக வாசலில் போய் நின்று பெயரைச் சொன்னால், காவலில் நிற்கிற பொடியன் "எந்த அருளம்பலம்?" என்று கேட்பான். ஆனால் நாய் விஷயத்தில் அருளம்பலத்தார் என்றால் பாலையூற்று வரைக்கும் தெரியும். வாழ்நாளில் அவர் சேர்த்த பேர் அது ஒன்றுதான். அந்தப் பேர்மேல் அவருக்கு நிறைய ஆசை இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எல்லாருக்கும் ஏதோ ஒன்றில் பேர் வேண்டித்தான் இருக்கிறது.

அவர் குட்டி பார்க்கிற முறை ஊருக்கே தெரியும். முதலில் தள்ளி நின்று எல்லாவற்றையும் ஒரு பார்வை. பிறகு குந்தியிருந்து, ஒவ்வொன்றாகக் கழுத்துப் பிடரியிலும் காதடியிலும் சேர்த்துப் பிடித்து, நாலு காலும் அந்தரத்தில் தொங்கத் தூக்குவார். 'கீச்' என்று கத்துகிற குட்டியைக் கீழே வைத்துவிடுவார். கத்தாமல் தொங்குகிற குட்டியை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, "இதுதான்" என்பார். கத்தாத குட்டி வீரமான குட்டி, வளர்ந்தால் கள்ளனுக்கும் பயப்படாது, இடிக்கும் பயப்படாது. இது அவர் கண்டுபிடித்ததல்ல, ஊரில் எல்லாரும் சொல்கிறதுதான். ஆனால் எல்லாரும் சொல்வார்கள், அருளம்பலம் தூக்கிப் பார்ப்பார். அவர் எடுத்துக் கொடுத்த நாய்களில் ஒன்று வெடிச்சத்தத்துக்கு அசையாது. இன்னொன்று பள்ளிக்கூட அதிபரையே கடித்தது. அதையும் அவர் தன் வெற்றிகளில்தான் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த ஒழுங்கையில் இருக்கிற கீர்த்தனி ஒரு சனிக்கிழமை காலை கேற்றைத் தட்டியபோது, அவர் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீர்த்தனி ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறவள். புருஷன் இராகுலன் டோஹாவில். வீட்டில் அவளும் ஆரணி என்கிற சின்ன மகளும் மட்டும்தான். போன மாதம் யாரோ ஒருவன் மதிலேறி வந்து தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். சத்தம் கேட்டும் வெளியே வரப் பயந்து, பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்ததாகக் கீர்த்தனி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியது.

"எனக்கு வடிவான நாய் வேணுமெண்டில்லை மாமா. பயமில்லாத நாய் ஒண்டு வேணும். நீங்கள் வந்து பாத்துத் தந்தால் எனக்கு நிம்மதி."

"எங்க இருக்கு குட்டி?"

"கடையில மாமா. உட்துறைமுக வீதியில ஒரு அக்கா வச்சிருக்கிறா. பேஸ்புக்கில படம் பாத்துட்டு ஆரணி ஒரே பிடிவாதம்."

கடை என்றதும் அருளம்பலத்தின் முகம் சுருங்கியது. எந்தத் தெருவிலும் நிற்கிற ஓட்டோவுக்குக் கீழே குனிந்து பார்த்தால் நாலு குட்டி கிடக்கிற ஊர் இது. அதை விட்டுவிட்டு, கண்ணாடிக்குள் வைத்த குட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று அவர் மனைவி தவமணியிடம் பலமுறை புறுபுறுத்திருக்கிறார். ஆனால் 'நீங்கள் வந்து பார்த்துத் தந்தால் நிம்மதி' என்ற பிறகு புறுபுறுக்க முடியுமா? பாணை அரைவாசியில் விட்டுவிட்டுக் கை கழுவினார்.

"கடைக் குட்டியெண்டாலும் காது காதுதானே," என்றார்.

முஹம்மது தம்பியின் ஓட்டோவில் போனார்கள். கிண்ணியாக்காரர், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை செய்த காலத்திலிருந்து அருளம்பலத்தின் கூட்டாளி. இருவரும் ஒருவரை ஒருவர் கேலி பண்ணாமல் ஒரு சந்தியைத் தாண்டமாட்டார்கள். குட்டி ஏறப் போகிறது என்று தெரிந்ததும் முஹம்மது தம்பி பின் இருக்கையில் ஒரு உரச்சாக்கை விரித்தார்.

"நாய் நக்கினா எங்கட மார்க்கப்படி நான் மண் போட்டு ஏழு தரம் கழுவணும் அருளம்பலத்தார். நீங்க வந்து கழுவித் தருவீங்களா?"

"நான் எடுக்கிற குட்டி கண்ட கண்ட ஓட்டோவை எல்லாம் நக்காது."

கடை குணேஸ்வரியுடையது. நாற்பது தாண்டிய, அதிகம் கதைக்காத பெண். இரண்டு மீன் தொட்டியோடு தொடங்கி, பிறகு கிளி, பிறகு வெள்ளைச் சடை வைத்த பூனைக்குட்டி, இப்போது நாய்க்குட்டி என்று கடையைப் பெருப்பித்திருந்தாள். நாய்க்குட்டிகள் கண்டிப் பக்கமிருந்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பஸ்ஸில் வரும். தாயிடம் பால் குடிக்க வேண்டிய வயதில் பஸ்ஸில் குலுங்கி வருகிற அதுகளைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் பாவம் பார்க்கிறவர்களும் வாங்காமல் போவதில்லை.

ஆரணி உள்ளே நுழைந்ததும் பூனைக் கூட்டுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டாள். கீர்த்தனியும் அவளோடு நின்றாள். அருளம்பலம் மட்டும் பின்பக்கம் குட்டிகள் கிடந்த கூட்டுக்குப் போனார். லெப்ரடோர்க் கலப்பென்று சொல்லப்பட்ட நாலைந்து குட்டிகள். குந்தியிருந்து ஒன்றைத் தூக்கினார். அது தெருவுக்கே கேட்கக் கத்தியது. அடுத்ததும் கத்தியது. அதற்கடுத்தது கத்தியதோடு நிற்காமல் அவருடைய சேர்ட்டில் மூத்திரமும் பெய்தது. மூலையில் பிஸ்கட் நிறத்தில், ஒரு கால் மட்டும் வெள்ளையாக ஒன்று படுத்திருந்தது. அதைத் தூக்கினார். அது கத்தவில்லை. நாலு காலும் தொங்க, அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அவர் அப்படியே சற்று நேரம் பிடித்திருந்தார். அப்போதும் ஒரு சத்தமில்லை.

"இதுதான்," என்றார்.

குணேஸ்வரி கிட்ட வந்து குரலைத் தணித்துச் சொன்னாள். "அண்ணை, அந்த வெள்ளைக்கால் குட்டியை இப்ப எடுக்காதேங்கோ. நேற்றையில இருந்து சரியாச் சாப்பிடேல்லை. ரெண்டு நாள் நான் வச்சுப் பாக்கிறன். வேற ஒண்டை எடுங்கோ."

இந்த இடத்தில்தான் அருளம்பலத்தாருக்குப் புத்தி கூடிப் போனது. வாழ்க்கை முழுவதும் கடைக்காரர்களிடம் நல்ல மீனும் நல்ல மாம்பழமும் பின்னால் ஒளிந்திருப்பதைப் பார்த்துப் பழகியவர் அவர். நல்ல சாமானைத் தெரிந்த வாடிக்கைக்காரருக்கு எடுத்து வைத்துவிட்டு, கேட்கிறவருக்கு 'அது சரியில்லை' என்று சொல்வதுதானே வழக்கம். இவளும் இந்தக் குட்டியை யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறாள், வீரமான குட்டி எது என்று இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார். நினைத்தபோது அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது. கெட்டிக்காரியின் தந்திரத்தையே கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்.

"தங்கச்சி, நான் நாய் பாக்கிறது இண்டைக்கு நேற்றில்லை. எனக்கு இதுதான் வேணும்."

குணேஸ்வரி அவரைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள். இன்னொரு முறை சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் கீர்த்தனியும் ஆரணியும் வந்துவிட்டார்கள். "ஐயோ, எவ்வளவு வடிவு," என்று ஆரணி குட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். போகிற வழியிலேயே அதற்கு 'பிஸ்கட்' என்று பேரும் வைத்தாயிற்று. ஓட்டோவில் குட்டி ஒருவரையும் நக்கவில்லை. சாக்கில் தலையை வைத்துப் படுத்தபடியே வந்தது.

"நல்ல ஒழுக்கமான நாய்தான்," என்றார் முஹம்மது தம்பி.

"பாத்தியா?" என்றார் அருளம்பலம்.

மறுநாள் காலை கீர்த்தனி ஓடிவந்தாள். இரவு முழுவதும் வாந்தி. விடியத் தொடங்கியதும் வயிற்றாலே போக ஆரம்பித்து, இப்போது அதில் இரத்தம். முஹம்மது தம்பியின் ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டு போனார்கள். வைத்தியர் ஒரு இளைஞர். குட்டியின் வாயைத் திறந்து முரசைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். பார்வோ என்று ஒரு தொற்று வருத்தம், சின்னக் குட்டிகளை வேகமாகக் கொண்டுபோய்விடும் என்றார். தடுப்பூசி போட்டிருந்தால் வந்திராது.

"வாங்கேக்கையே இது சோந்துதான் கிடந்திருக்கும். சாப்பிட்டிராது. கடையில கவனிக்காமல் இருந்திருக்க மாட்டினம்," என்றார்.

கீர்த்தனிக்கு ஆத்திரம் பொங்கியது. விறாந்தைக்கு வந்து அங்கேயே நின்று கடைக்குப் போன் எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டதால் குணேஸ்வரி சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"தங்கச்சி, நான் உங்களோட வந்த அண்ணையிட்ட சொன்னனான். அந்தக் குட்டி சாப்பிடேல்லை, எடுக்க வேண்டாமெண்டு சொன்னனான். கேட்டுப் பாருங்கோ."

கீர்த்தனி போனைப் பொத்திக்கொண்டு அருளம்பலத்தைப் பார்த்தாள். "மாமா, அப்பிடிச் சொன்னவவா?"

ஒரு சின்னக் கேள்வி. 'ஓம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் அருளம்பலம் சுற்றிப் பார்த்தார். முஹம்மது தம்பி பார்த்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே காத்திருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அவர்களில் ஒருவர் பாலையூற்றுக்காரர். ஓம் என்றால் அத்தனை வருடப் பேரும் அந்த விறாந்தையிலேயே விழுந்துவிடும்.

"கடையில ஆயிரம் கதை சொல்லுவினம் பிள்ளை," என்றார்.

அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. கீர்த்தனி அதை இல்லையென்றே எடுத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அவர் சொன்னார். அன்று மத்தியானமே கீர்த்தனி குட்டியின் படத்தையும் கடையின் பேரையும் போட்டு முகநூலில் எழுதினாள். வருத்தக்காரக் குட்டியை விற்றுவிட்டு, வயதான மனிதர்மேல் பழியைப் போடுகிறாள் என்று எழுதினாள். திருகோணமலைக்காரர் கூடுகிற பக்கங்களில் எல்லாம் அது சுற்றியது.

கீர்த்தனி வேலைக்குப் போகவேண்டும், ஆரணிக்குப் பள்ளிக்கூடம். அதனால் குட்டி அருளம்பலத்தின் வீட்டிலேயே இருந்தது. காலையில் வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேலைன் ஏற்றி, பின்னேரம் கூட்டி வரவேண்டும். குசினிக்குப் பின்னால் தாழ்வாரமாக இறக்கியிருந்த பத்தியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். தவமணிக்கு நாய் பிடிக்காது. புருஷன் ஊருக்கெல்லாம் நாய் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பிட வருவதும் பிடிக்காது. ஆனாலும் பழைய சீலையைக் கிழித்து விரித்தாள். அழுக்கானதைக் கொதிதண்ணீரில் அவித்துக் காயப்போட்டாள். வாய் மட்டும் தன் பாட்டில் திட்டிக்கொண்டிருந்தது.

அருளம்பலம் குட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அது கண்ணை மூடிக் கிடக்கும். வயிறு மட்டும் ஏறி இறங்கும். சில நேரம் அதுவும் நின்றுவிட்டதோ என்று குனிந்து காதை வைத்துப் பார்ப்பார். சுத்தம் செய்யத் தூக்கினால், கடையில் தொங்கிய மாதிரியே சத்தமில்லாமல் தொங்கியது. இதைத்தானே முகத்துக்கு நேரே பிடித்து, இதுதான் என்றோம் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் போல, முஹம்மது தம்பி காலையில் வரும்போது கையில் ஒரு பை இருந்தது. உள்ளே வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற்றுகளும், ஊசி இல்லாத ஊசிக்குழாய் ஒன்றும்.

"இது ஆர் தந்தது?"

"கடைக்கார அக்கா. வழியில மறிச்சுத் தந்தா. ஒரேயடியாக் குடுக்க வேணாமாம், கடவாயால சொட்டுச் சொட்டா விடட்டாம்." முஹம்மது தம்பி பையைத் திண்டில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "அவட கடைக்கு இப்ப ஆள் போறதில்ல. பூனை வாங்கின ஒராள் நல்லா இருக்கிற பூனையக் கொண்டுவந்து திருப்பிக் குடுத்திட்டுப் போறாரு. அவட மகளப் பள்ளிக்கூடத்தில வருத்தக்கடை எண்டு கூப்பிடுறாங்களாம்."

"அவ என்னைப் பற்றி என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லல்ல. குட்டி எப்பிடி எண்டுதான் கேட்டா."

திட்டியிருந்தால் அருளம்பலத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். திட்டுக்குத் திருப்பித் திட்டலாம். குட்டி எப்படி என்று கேட்டால் என்ன செய்வது? அன்று முழுவதும் அவர் அந்த ஊசிக்குழாயால் குட்டியின் கடைவாயில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒவ்வொரு சொட்டும் அவருக்கு அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டியது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. தவமணி சோற்றுக் கோப்பையை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

"அந்தப் பொம்பிளை உங்களிட்டச் சொன்னவதானே?"

"நான் பொய் சொல்லேல்லை."

"அப்ப என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அதுதானே," என்று சொல்லிவிட்டுத் தவமணி கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் கீர்த்தனி வேலையால் வந்து, கைப்பையோடு நேரே குட்டியைப் பார்க்க வந்தாள். குட்டி அப்படியேதான் கிடந்தது. அருளம்பலம் பலகையிலிருந்து எழும்பினார். கொடியில் கிடந்த சேர்ட்டை எடுத்துப் போட்டு, பொத்தானை எல்லாம் பூட்டினார். கலியாண வீட்டுக்குக்கூட அவர் மேல் பொத்தானைப் பூட்டியதில்லை.

"பிள்ளை, உன்ர போனை எடு. நான் கதைக்கிறதைப் படம் பிடி. பிடிச்சு நீ எழுதினதுக்குப் பக்கத்திலயே போடு."

கீர்த்தனி ஒன்றும் விளங்காமல் போனை எடுத்தாள். அருளம்பலம் பத்தித் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டார். படகில் நின்று கத்திப் பழகிய குரல். ஆனால் இப்போது மெதுவாகத்தான் வந்தது.

"நான் அருளம்பலம். லிங்கநகர். துறைமுகத்தில கயிறு வீசினனான். கனபேருக்கு நாய்க்குட்டி எடுத்துக் குடுத்திருக்கிறன், என்னைத் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். இந்தக் குட்டியை எடுத்ததும் நான்தான். கடைக்காரப் பிள்ளை வேண்டாமெண்டு சொன்னவ. குட்டி சாப்பிடேல்லை எண்டு சொன்னவ. அவ நல்ல குட்டியை ஒளிக்கிறா எண்டு நான் நினைச்சன். பிறகு இந்தப் பிள்ளை கேட்கேக்க எனக்கு ஓமெண்டு சொல்ல வெக்கமாப் போச்சு. அதால அந்தக் கடைக்காரப் பிள்ளைக்குப் பழி வந்திட்டுது. பிழை என்னில."

கொஞ்சம் நிறுத்தினார். கீர்த்தனி போனை இறக்கவில்லை.

"காதில தூக்கக் கத்தாத குட்டி வீரமான குட்டி எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறனான். இந்தக் குட்டிக்குக் கத்த ஏலாமல் கிடந்தது. கத்த ஏலாததை நான் வீரமெண்டு நினைச்சிட்டன். இனிக் குட்டி எடுக்கிற ஆக்கள் காதில தூக்காதேங்கோ. அது சாப்பிட்டதோ எண்டு கேளுங்கோ, ஊசி போட்டதோ எண்டு கேளுங்கோ. கடைக்காரர் வேண்டாமெண்டு சொன்னால் கேட்டு நடவுங்கோ. அவ்வளவுதான்."

கீர்த்தனி போனை அணைத்தாள். அவரைப் பார்க்காமல் குட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"எனக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மாமா. நான் அந்த அக்காவை எப்பிடியெல்லாம் எழுதிப்போட்டன்."

"ஓம்," என்றார் அருளம்பலம். வைத்தியரின் விறாந்தையில் வராத சொல் இப்போது லேசாக வந்தது.

"இதைப் போட்டால் ஊர் முழுக்கச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் பிள்ளை."

அவள் போட்டாள். தான் முன்பு எழுதியதை அழித்தாள். மறுநாள் கடைக்கும் போய் வந்தாள் என்று முஹம்மது தம்பி சொன்னார். ஊர் சிரிக்கத்தான் செய்தது. மூதூரிலிருந்து, இறால் வியாபாரம் செய்கிற பழைய கூட்டாளி ஒருவர், "போனில உன்னைப் பாத்தன், சேர்ட் நல்லா இருக்கு," என்று போன் எடுத்துச் சொன்னார். புல்மோட்டையில் இருக்கிற தவமணியின் ஒன்றுவிட்ட தம்பி, இவர் எடுத்துக் கொடுத்த நாயை வைத்திருப்பவன், "அத்தான், எங்கட நாய் கத்துறேல்லைதானே, டொக்டரிட்டக் காட்டவோ?" என்று கவலையோடு கேட்டான். தேத்தண்ணிக் கடையில் இவரைக் கண்டதும் ஒருத்தன் பக்கத்தில் நின்றவனின் காதைப் பிடித்து இழுத்தான். அவன் கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள். அருளம்பலமும் சிரிக்கப் பார்த்தார். முழுதாக வரவில்லை. பேர் போவது லேசான விஷயமில்லை, எவ்வளவு சின்னப் பேராக இருந்தாலும்.

அவர் கடைக்குப் போனது ஒரு மத்தியானம். குணேஸ்வரி மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். கடைக்குள் எவரும் செருப்புக் கழற்றுவதில்லை.

"தங்கச்சி, நான் செய்தது சரியான பிழை."

குணேஸ்வரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "நான் உங்களில கோபமா இருந்தனான் அண்ணை. பொய் சொல்ல மாட்டன். ஆனால் நானும் யோசிச்சுப் பாத்தன். அண்டைக்கு நான் கூட்டைப் பூட்டியிருக்கலாம். ஏலாதெண்டு சொல்லியிருக்கலாம். ஒருக்காச் சொல்லிட்டு, போனால் போகட்டும் எண்டு விட்டனான். வித்தால் சரியெண்டு நினைச்சன்." பின்பக்கக் கூட்டைக் காட்டினாள். அது காலியாகக் கழுவிக் கிடந்தது. "அந்தப் பெட்டியில வந்த மற்றக் குட்டியளில ஒண்டும் செத்துப்போச்சு. இனி ஊசி போடாத குட்டி கடைக்குள்ள வராது."

இரண்டு பேரும் அதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவள் கண்ணாடிக் குவளையில் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டு வந்தார்.

குட்டி சாகவில்லை. ஒரு நாள் தலையைத் தூக்கியது. அடுத்த நாள் தவமணி வைத்த கஞ்சித் தண்ணீரை நக்கியது. "எனக்கெண்டு வச்ச கஞ்சியை இது குடிக்குது," என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். சேலைன் போதும் என்று வைத்தியர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று கீர்த்தனியும் ஆரணியும் வந்தார்கள். முஹம்மது தம்பியும் சாக்கை விரித்துக்கொண்டு வாசலில் நின்றார். நூறு மீற்றர் தூரத்துக்கு ஓட்டோ எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

குட்டி சாக்கில் படுத்திருந்தது. அருளம்பலம் குனிந்து, இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கப் போனார். ஆனால் கை பழகிய கை. அவரை அறியாமலே ஒரு கை பிடரிக்கும் காதடிக்கும் போய்விட்டது. குட்டி அந்தரத்தில் வந்ததும் வாயைத் திறந்து கத்தியது. கீச்சென்று, ஒழுங்கை முழுவதும் கேட்க, நாலு காலாலும் காற்றை உதைத்துக்கொண்டு கத்தியது. பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் எழும்பிக் குரைத்தன. முஹம்மது தம்பி ஓட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தார். குசினியிலிருந்து தவமணி அகப்பையோடு வந்தாள்.

அருளம்பலம் குட்டியை அவசரமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது அங்கேயும் நிறுத்தாமல் கத்தியது. அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இருக்கவில்லை, துடைக்கவும் நினைக்கவில்லை.

ஆரணிக்கு முகம் வாடிவிட்டது. போனில் தாத்தா சொன்னதை அவளும் பார்த்திருந்தாள். ஆனால் அதற்கு முன் அம்மா எத்தனையோ தடவை சொன்ன, கத்தாத குட்டிதான் வீரமானது என்கிற கதைதான் அவளுக்கு ஞாபகத்தில் நின்றது.

"தாத்தா, இது கத்துதே. அப்ப இது பயந்த குட்டியா?"

"இல்லைப் பிள்ளை," என்றார் அருளம்பலம். குட்டியை அவளுடைய கையில் மெதுவாக வைத்தார். "நல்ல குட்டி. கேள், எவ்வளவு நல்லாக் கத்துது."